எக்கேரின் பெயருக்கு ஒரு மகன்

எக்கேர் ஊலாமுக்குக் கொடுக்க வேண்டியிருந்தது பதினேழு சேக்கல், ஆறு கேரா எடையுள்ள வெள்ளி. அவர் அதை வாங்கிய வருஷம் நான் பிறக்கவில்லை. அவர் செத்த வருஷமும் நான் பிறக்கவில்லை. ஆனாலும் எக்கேர்தான் என் அப்பா.

எங்கள் பென்யமீன் மலையில் இப்படிப் பிறந்தவர்கள் ஊருக்கு ஒருவராவது இருப்பார்கள். மழை பொய்த்த ஒரு வருஷம் விதைக்கும் உழவு மாட்டுக்குமாக எக்கேர் அந்த வெள்ளியை வாங்கினார். மலைச்சரிவில் கல்லடுக்கிக் கட்டிய கீழ்க்கட்டு நிலத்தை ஈடாக வைத்தார். பதினொரு ஒலிவ மரம் நிற்கிற நிலம். ஒரே வம்சத்துக்குள் வட்டி வாங்கக் கூடாது என்பதால், கடன் தீரும்வரை விளைச்சலை ஊலாம் எடுத்துக்கொள்வது என்று பேச்சு. அந்த வருஷமே, முன்மாரி தொடங்குவதற்குள் மழைநீர்த் தொட்டியில் சேறு வார இறங்கிய எக்கேர்மேல் சுவர் சரிந்தது. என் அம்மா அத்தாராளுக்கு அப்போது வயது பதினெட்டு. பிள்ளை இல்லை.

செத்தவன் பெயர் அற்றுப் போகக் கூடாது. அதனால் எக்கேரின் தம்பி யாமின் அம்மாவைச் சேர்த்துக்கொண்டார். ஊர்வாசலில் பத்து மூப்பர்கள் உட்கார்ந்து பேசி முடித்தார்கள். அம்மாவுக்கு முதலில் பிறக்கிற ஆண் எக்கேரின் மகன். எக்கேரின் பெயரில் அவன் நிற்பான், எக்கேரின் நிலம் அவனுக்கு. யாமினின் இன்னொரு மனைவிக்குப் பிறப்பவர்கள் யாமினின் பிள்ளைகள். அந்த முதல் ஆண் நான். சிம்ராத் என்று பெயர் வைத்தார்கள்.

என்னைப் பெற்றவரைச் சித்தப்பா என்று கூப்பிட்டே வளர்ந்தேன். தோளில் தூக்கிக்கொண்டு சந்தைக்குப் போனவர் அவர். காய்ச்சல் கண்டால் பக்கத்தில் உட்கார்ந்து ஈரத்துணி போட்டவர் அவர். என் காலுக்கு முதல் செருப்பைத் தைத்துப் போட்டவரும் அவர்தான். நாலைந்து வயதில் ஒருநாள் அவரை அப்பா என்று கூப்பிட்டுவிட்டேன். அவர் முகம் மலர்ந்தது. அம்மா என் தொடையைக் கிள்ளினாள்.

“உங்கப்பா தொட்டிக்குள்ள செத்துப் போனாரு. இவரு சித்தப்பா. ஞாபகம் வச்சுக்க.”

அவர் எழுந்து ஆடுகளைப் பார்க்கப் போய்விட்டார். அதற்குப் பிறகு நான் தவறவில்லை. அவர் உயிரோடு இருந்தவரை அந்த வார்த்தை என் வாயில் வரவில்லை.

ஈட்டு நிலத்துக்கு எங்கள் ஊரில் ஒரு முறை உண்டு. ஈடு வைத்தவனின் மகன் எத்தனை வருஷம் கழித்து வந்தாலும் சரி, வாங்கிய வெள்ளியை எடை போட்டுக் கொடுத்தால் நிலத்தை விட்டுவிட வேண்டும். அண்ணன் தம்பிக்கோ மற்ற உறவுக்காரனுக்கோ ஏழு வருஷம்தான் தவணை. அதற்குமேல் போனால் நிலம் வைத்திருப்பவனுக்கே. சித்தப்பா அந்த ஏழு வருஷத்தை விட்டுவிட்டார். அவரிடம் வெள்ளி இல்லை என்பது ஒன்று. நான் இருக்கிறேன், வளர்ந்து மீட்டுக்கொள்வேன் என்ற தைரியம் இன்னொன்று.

சித்தப்பா இறந்தபோது எனக்கு இருபத்துநாலு வயது. அவருடைய நிலத்தை அவருடைய நாலு மகன்களும் பங்கிட்டுக்கொண்டார்கள். மூத்தவன் எலாசா. எனக்கு அதில் பங்கில்லை, நான் கேட்கவும் இல்லை. என் நிலம் கீழ்க்கட்டில் ஊலாமின் கையில் இருந்தது. நான் திராட்சரசக் கிடங்கில் கூலிக்குப் போனேன். பாறையில் குடைந்த குழிகளுக்குள் இரண்டாள் உயர ஏணியில் ஜாடியோடு இறங்குவதும், வெறுங்கையோடு ஏறுவதும், மறுபடி ஜாடியோடு இறங்குவதும்தான் வேலை. கூலி பெரும்பாலும் வாற்கோதுமையும் எண்ணெயும். வெள்ளி எப்போதாவது, நகக்கண் அளவுக்கு நறுக்கித் தருவார்கள். அந்தத் துண்டுகளை அம்மா வாங்கித் துணியில் முடிந்து இடுப்பில் கட்டிக்கொள்வாள். பன்னிரண்டு வருஷம் அப்படிக் கட்டினாள்.

ஜாடிக் கைப்பிடியில் தோட்டக்காரன் பெயரைக் கீறி வைப்பார்கள். எனக்கு அது கோழி கிளறின மாதிரி தெரியும். ஒருவன் ஜாடியை இன்னொருவன் குழியில் இறக்கிவிட்டு இரண்டு தடவை கூலியை இழந்த பிறகு, முப்பது வயதில் கிடங்குக் கணக்கனிடம் எழுத்துக் கற்றுக்கொண்டேன். அவன் வீட்டுக்குத் தண்ணீர் சுமந்து கொடுத்தேன், அவன் தினம் ஓர் எழுத்து சொல்லிக் கொடுத்தான். இருபத்திரண்டு எழுத்துக்கு எனக்கு ஒரு வருஷம் ஆயிற்று.

இந்த வருஷம் வாற்கோதுமை அறுப்பு முடிந்ததும் அம்மா முடிச்சை அவிழ்த்து மடியில் கொட்டி எடை பார்த்தாள். பதினேழு சேக்கலும் ஆறு கேராவும் சரியாக இருந்தன. அன்றே எடுத்துக்கொண்டு ஊலாம் வீட்டுக்குப் போனேன்.

ஊலாம் எங்கள் வம்சத்தில் பெரிய கை. ஊரில் ஒரே எண்ணெய்ச் செக்கு அவருடையது. என் அப்பாவைவிட மூத்தவர் என்பதால் நான் பெரியப்பா என்றுதான் கூப்பிடுவேன். உட்காரச் சொல்லி, அப்பமும் அத்திப்பழமும் வைத்து, நான் சாப்பிட்டு முடிக்கும்வரை மழையைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார். வெள்ளியை எடுத்து வைத்ததும் அதைத் தொடாமல் பார்த்தார்.

“நீ எக்கேர் மகனா இருந்தா இந்த நிமிஷமே நிலத்த விட்டுடுவேன்பா. ஆனா எழுத்து வேற மாதிரில்ல சொல்லுது. உனக்குத்தான் இப்ப படிக்கத் தெரியுமாமே. போய்ப் பாத்துட்டு வா.”

எந்த எழுத்து என்று எனக்கு உடனே புரிந்தது.

பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் தேசாதிபதியின் எழுத்தர்கள் ஊர் ஊராக வந்தார்கள். பாபிலோனுக்குச் சிறைப்பட்டுப் போய்த் திரும்பியவர்களையும், போகாமல் இங்கேயே கிடந்தவர்களையும் தகப்பன் வீடு தகப்பன் வீடாக எழுதுவதாகச் சொன்னார்கள். ஒவ்வொருவனும் எழுத்தன் முன்னால் நின்று தன் பெயரில் தொடங்கி மேலே மேலே போய் எங்கள் மூதாதை பென்யமீன்வரை சொல்ல வேண்டும். எங்களுக்கு அது கஷ்டமில்லை. பேச்சு வந்த நாளிலிருந்து சொல்வதுதான். சிம்ராத், எக்கேரின் மகன், எல்பாலின் மகன் என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்வேன்.

ஆனால் அன்றைக்குச் சித்தப்பா செத்து நாலாம் நாள். இடுப்பில் கோணித்துணி, தலையில் சாம்பல். நாலு நாளாகத் தண்ணீர் தவிர ஒன்றும் இறங்கவில்லை. எழுத்தன் நிமிராமலே கேட்டான், தகப்பன் பேர்? என் வாய் யாமின் என்றது. எக்கேரும் யாமினும் எல்பாலின் மகன்கள்தானே, அதற்குமேல் எல்லாப் பெயரும் ஒன்று. சொல்லிக்கொண்டே போனேன். யாரும் திருத்தவில்லை. எனக்கும் அது உறைக்கவில்லை. முப்பது நாள் துக்கம் கழிந்த பிறகுதான் ஒருநாள் நினைவு வந்தது. அதனால் என்ன, ஊருக்கே தெரிந்த விஷயம்தானே என்று விட்டுவிட்டேன். எழுத்து தெரியாதவனுக்கு எழுத்தின் பயமும் தெரியாது.

அந்த வம்ச அட்டவணையின் நகல் ஒன்று எங்கள் ஊரில், ஆலய ஊழியம் செய்யும் லேவியரான யெரிமோத்திடம் இருக்கிறது. தோல் சுருள், மண்ஜாடிக்குள் வைத்து மூடியிருப்பார். ஊலாம் வீட்டிலிருந்து நேராக அவரிடம் போனேன். அவர் விரித்துக் கொடுத்துவிட்டுத் தள்ளி உட்கார்ந்தார். ஜாடிக் கைப்பிடியில் இரண்டு மூன்று எழுத்தைப் படித்துப் பழகிய கண். அந்தச் சிறிய எழுத்துகளுக்குமேல் விரலை வைத்து, பெயர் பெயராகத் தடவிக்கொண்டு வந்தேன். எங்கள் வீட்டை அடைய நெடுநேரம் பிடித்தது.

எல்பாலின் மகன்கள் எக்கேர், யாமின். எக்கேர் பிள்ளையில்லாமல் செத்தான். யாமினின் மகன்கள் சிம்ராத், எலாசா, பிறகு மற்ற மூன்று பேர்.

என் பெயரை இன்னொருவன் எழுதி நான் படித்தது அதுதான் முதல் தடவை. அது இருக்கக் கூடாத இடத்தில் இருந்தது. எக்கேருக்குப் பக்கத்தில் இருந்த வரியைத் திரும்பத் திரும்பப் படித்தேன். படிக்கப் படிக்க அது மாறிவிடும் என்பதுபோல. உண்மையைச் சொன்னால் எக்கேர்மேல் எனக்குப் பாசம் என்று ஒன்று அதுவரை இருந்ததில்லை. முகம் தெரியாத ஒரு ஆள். கிள்ளு வாங்கித் தந்த ஆள். ஆனால் அந்த வரி என்னை என்னவோ செய்துவிட்டது. சேற்றுக்குள் அவர் புதைந்தது ஒரு தடவை. இங்கே நானே என் வாயால் இன்னொரு தடவை மண்ணைத் தள்ளியிருக்கிறேன்.

அம்மாவிடம் சொன்னபோது முதலில் திட்டினாள். ஊரே கூடி நிற்கையில் ஒரு பெயரைச் சரியாகச் சொல்லத் தெரியாத பிள்ளைக்காகவா பத்து மாதம் சுமந்தேன் என்றாள். பிறகு, எழுத்தனிடம் யார் பெயரைச் சொன்னாய் என்று கேட்டாள். சொன்னேன். அவளுக்கும் அவர் கணவர்தானே. மாவு பிசைந்த கையை மடியில் துடைத்துக்கொண்டாள்.

“அவரு காதுல விழுந்திருந்தா சந்தோஷப்பட்டிருப்பாரு,” என்றாள். “ஆனா அவருக்கு நாலு பேரு இருக்கானுங்க. உங்கப்பாவுக்கு யாரு இருக்கா?”

யெரிமோத் ஒரு வழி சொன்னார். ஊர்வாசலில் மூப்பர்கள் முன்னால் இரண்டு சாட்சி ஒத்துச் சொன்னால், வரியைச் சுரண்டிவிட்டுத் திருத்தி எழுத அவருக்கு அதிகாரம் உண்டு. இரண்டு சாட்சி என்பது கேட்கச் சின்னதாக இருந்தது. தேடிப் பார்த்தபோதுதான் தெரிந்தது. யாமின் அம்மாவைச் சேர்த்துக்கொண்ட அன்று வாசலில் உட்கார்ந்திருந்த பத்து மூப்பர்களில் ஒருவரும் உயிரோடு இல்லை. இப்போதைய மூப்பர்கள் தீர்ப்புச் சொல்கிறவர்கள், அவர்கள் சாட்சி சொல்ல முடியாது. அம்மா வழக்குக்காரி, அவள் சொல் செல்லாது. ஊரில் மற்ற வயதானவர்களுக்கு விஷயம் தெரியும். ஆனால் அவர்கள் ஒலிவக்காய் எல்லாம் ஊலாமின் செக்கில்தான் ஆட வேண்டும். ஒருவருக்குக் காது மந்தம் என்றார்கள். ஒருவருக்கு அந்த வருஷம் தான் ஊரிலேயே இல்லை என்று திடீரென்று ஞாபகம் வந்தது. இன்னொருவர் என்னைக் கண்டதும் கழுதையைத் திருப்பிக்கொண்டு வேறு வழியாகப் போனார்.

சாட்சி இல்லாமலே வழக்கு வைத்தேன். குறித்த நாளில் வாசலில் கூட்டம். மூப்பர்கள் பத்துப் பேரும் கல்பலகையில் வரிசையாக உட்கார்ந்தார்கள். நடுவில் யெக்கமியா, எங்களில் மூத்தவர், பல் போனவர், பாதி நேரம் தூங்குகிற மாதிரி இருப்பார். யெரிமோத் சுருளை மடியில் வைத்திருந்தார். பெண்கள் மதிலோரம் நின்றார்கள். அம்மா முன்னால் நின்றாள்.

நான் நடந்ததைச் சொன்னேன். துக்கத்தில் வாய் தவறியது என்றேன். ஊலாம் கோபப்படவில்லை. நல்லவிதமாகவே பேசினார். இந்தப் பையன் உழைப்பாளி, இவன்மேல் எனக்கு வருத்தமில்லை, ஆனால் தேசாதிபதியின் முத்திரை போட்ட எழுத்தை ஒரு கூலியாளின் ஞாபகத்துக்காகச் சுரண்ட ஆரம்பித்தால் நாளைக்கு எவன் நிலம் எவனுக்கு என்று கேட்டார். மூப்பர்களில் இரண்டு பேர் தலையாட்டினார்கள். இவன் யாமினின் மகன் என்பதற்கு என்னிடம் சாட்சி உண்டு என்று சொல்லி எலாசாவைக் கூப்பிட்டார்.

எலாசா என் தம்பி. நாங்கள் சண்டை போட்டதில்லை, கூடிக் குலாவியதும் இல்லை. அவனுடைய ஒலிவக்காயும் ஊலாமின் செக்குக்குத்தான் போகிறது. சொல்லிக் கொடுத்ததைத் தடங்கலில்லாமல் சொன்னான்.

“எங்கப்பா எங்க போனாலும் இவனத்தான் மொதல்ல கூட்டிட்டுப் போவாரு. சாவுக்கு எங்களோட சேந்து இவனும் தலைய மழிச்சான், சாம்பல் போட்டான். எழுத்தர் கேட்டப்ப இவன் வாயாலயே யாமின்தான் தகப்பன்னு சொன்னான், நான் பக்கத்துலதான் நின்னேன். மகன் இல்லாம பின்ன யாரு?”

அவன் சொன்னது முழுக்க உண்மை. உண்மையை வைத்தே என்னை வாசலுக்கு வெளியே தள்ளுகிறான். நான் தோற்றுவிட்டேன், யாமினின் மகனாகவே வீட்டுக்குப் போக வேண்டியதுதான் என்று நினைத்தேன். யாமினின் மகன் என்று மனதுக்குள் சொல்லிப் பார்த்தேன். அப்படிச் சொல்லிப் பார்த்ததில்தான் அது பட்டது.

“எலாசா, நீ சொன்னதுல ஒண்ணையும் நான் மறுக்கல,” என்றேன். “யாமின் மகன்னே இருந்துட்டுப் போறேன். அப்ப யாமின் மகன்கள்ல மூத்தவன் யாரு?”

“இதென்ன கேள்வி? நாந்தான் மூத்தவன்.”

“உனக்கு ஆறு வயசு மூத்தவன் நான். சுருள்லயும் எம் பேருதான் மொதல்ல இருக்கு.”

யெக்கமியா கண்ணைத் திறந்தார். தலைமகனுக்கு இரட்டைப் பங்கு. அது எங்களில் யாருக்கும் சொல்லித்தர வேண்டிய விஷயம் இல்லை. எலாசாவும் தம்பிகளும் யாமினின் நிலத்தை நாலாகப் பிரித்து, அவரவர் பங்குக்குக் கல் எடுத்து மதில் வைத்திருந்தார்கள். எலாசா தன் பங்கில் பாறையை வெட்டித் திராட்சை மிதிக்கும் தொட்டியே கட்டியிருந்தான். இப்போது மகன்கள் ஐந்து பேர் என்றால் பங்கு ஆறு. அதில் இரண்டு எனக்கு.

எலாசா விரலை மடக்கி எண்ணினான். மறுபடி முதலிலிருந்து எண்ணினான். கூட்டத்தில் குயவன் ஒருவன், “விரல் பத்தலன்னா என் கையையும் வச்சுக்கப்பா,” என்றான். சிரிப்பு எழுந்தது. எலாசா ஊலாமைப் பார்த்தான். ஊலாம் தரையைப் பார்த்தார். தன் கீழ்க்கட்டு நிலத்தைத் தவிர வேறெதையும் அவர் யோசித்திருக்கவில்லை.

“இல்ல,” என்றான் எலாசா. “இவன் எங்கப்பாவுக்கு மகனே கெடையாது.”

இந்தத் தடவை மூப்பர்களே சிரித்துவிட்டார்கள். யெக்கமியா கையை உயர்த்தி அடக்கினார். ஒரே வாயால் இரண்டு சொன்னால் சாட்சி செல்லாது என்றும், எதை வைத்து இப்படிச் சொல்கிறாய் என்றும் கேட்டார். எலாசாவுக்கு முகம் சிவந்துவிட்டது. ஆனால் அவன் வாயில் வந்தது யாரும் சொல்லிக் கொடுத்ததில்லை. பல வருஷமாக வயிற்றில் கிடந்த பொருமல்.

“பலி அன்னிக்கு இவன் என்னிக்காவது எங்க பங்குல கை வச்சிருக்கானா? கேளுங்க. எக்கேர் வீட்டுப் பங்குன்னு ஒத்தையாளா முழுத் தொடைய வாங்கிட்டுப் போவான். நாங்க எங்கப்பாவோட சேத்து அஞ்சு பேரு ஒரு தொடையப் பிச்சுக்குவோம். சின்ன வயசுலேருந்து இவன் திங்கிறதப் பாத்துப் பாத்து எனக்கு எச்சி ஊறியிருக்கு. அப்ப எக்கேர் மகன், இப்ப மட்டும் எங்கப்பன் மகனா?”



வருஷத்துக்கு ஒருமுறை எங்கள் வம்சம் முழுவதும் கூடிப் பலியிட்டுச் சாப்பிடும். ஒவ்வொரு தகப்பன் வீட்டின் பெயரையும் உரக்கக் கூப்பிட்டுப் பங்கு வெட்டிக் கொடுப்பார்கள். ஆண்பிள்ளை இல்லாமல் அற்றுப்போன வீட்டைக் கூப்பிடுவதில்லை, அதற்குப் பங்கும் இல்லை. எக்கேரின் வீடு என்று கூப்பிடும்போது நான் எழுந்து போவேன். பால் மறந்த வயதில் அம்மா தூக்கிக்கொண்டு போய் வாங்கினாள். பிறகு நானே போனேன். இத்தனை வருஷம் தின்ற கறி ஒரு சாட்சி என்று எனக்குத் தோன்றவே இல்லை. பசிக்குத் தின்றதை யார் கணக்கில் வைப்பார்கள்?

யெக்கமியா மெதுவாகக் கேட்டார். “பலியில கத்தி புடிக்கிறது யாரு?”

எல்லோருக்கும் தெரியும். வம்சத்தில் பெரிய கையிடம்தான் கத்தி இருக்கும். தன் தகப்பன் போனதிலிருந்து, முப்பது வருஷமாக, பெயர் கூப்பிட்டுப் பங்கு வெட்டுவது ஊலாம்தான். அட்டவணை எழுதிய பிறகும் அவர் நாக்கு பழைய வரிசையிலேயே ஓடிக்கொண்டிருந்தது. போன வருஷமும் எக்கேரின் வீடு என்று கூப்பிட்டார். போன வருஷமும் நான் போய் வாங்கினேன்.

“பழக்கதோஷம்,” என்றார் ஊலாம். “வாயில வந்துச்சு, கூப்பிட்டேன்.”

“கையுமா பழக்கதோஷத்துல வெட்டுச்சு?” என்றார் யெக்கமியா. “இங்க பாரு ஊலாம். எக்கேர் பிள்ளையில்லாம செத்தான்னா, இல்லாத வீட்டுக்குப் பலியில முப்பது தொடைய எடுத்துக் குடுத்திருக்க. அது கர்த்தருக்கு முன்னால களவு. அதுக்கு வேற வழக்கு வைக்கணும். அது களவு இல்லன்னா எக்கேருக்கு மகன் இருக்கான். ரெண்டுல எதுன்னு நீயே சொல்லு.”

ஊலாம் தாடியைத் தடவினார். சால்வையைச் சரிசெய்தார். கூட்டத்தைப் பார்த்தார், செக்குக்கு வருகிறவர்கள் எல்லாம் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒருவனும் இப்போது வேறு பக்கம் திரும்பவில்லை.

“எக்கேருக்கு மகன் இருக்கான்,” என்றார்.

“முன்ன சொன்ன ரெண்டையும் விட்டுடு, முடிவா என்னப்பா சொல்ற?” என்று யெக்கமியா எலாசாவைக் கேட்டார். அவன், எக்கேரின் மகன்தான், எக்கேரின் மகன்தான் என்று இரண்டு தடவை சொன்னான், ஒரு தடவை போதாது என்பதுபோல.

இரண்டு சாட்சி ஒத்துவிட்டது. இரண்டும் என் எதிராளி பக்கத்திலிருந்து வந்தவை; தனக்கே நட்டமாகச் சொல்கிற சொல் செல்லும்.

யெரிமோத் அங்கேயே சுருளை விரித்தார். சின்னக் கத்தியை எடுத்துத் தோலில் அந்த வரியைச் சுரண்டினார். கறுப்புத் தூள் எழும்பியது. அதை அவர் ஊதிவிட்டார். பிறகு யாமினின் மகன்கள் இருந்த இடத்துக்குக் கத்தி போனது. என் பெயரை அங்கிருந்து எடுத்தாக வேண்டும். அந்தச் சத்தம் மட்டும் எனக்குக் கேட்கப் பிடிக்கவில்லை. வளர்ந்த பிறகு நான் அவரைத் தகப்பன் என்று சொன்னது ஒரே தடவை. அதுவும் இப்போது தூளாகப் போகிறது. போகட்டும், சுருளில் அவர் நாலு மகன்களோடு நிறைவாக இருக்கிறார் என்று மனதைத் தேற்றிக்கொண்டேன். என்னைத் தூக்கிச் சுமந்தது எக்கேருக்காகத்தானே.

மை காய்ந்ததும் யெரிமோத் என்னைப் படிக்கச் சொன்னார். கூலிக்காரன் படிப்பதைப் பார்க்க எல்லோரும் நெருங்கி வந்தார்கள். விரல் வைத்து, நிறுத்தி நிறுத்தி, மதிலோரம் வரை கேட்கிற குரலில் படித்தேன். எல்பாலின் மகன்கள் எக்கேர், யாமின். எக்கேரின் மகன் சிம்ராத்.

அம்மா இன்னொரு தடவை படி என்றாள். படித்தேன். பக்கத்தில் நின்ற பெண்கள் குலவையிட்டார்கள். எங்கள் ஊரில் குலவை பிள்ளை பிறந்தால் போடுவது. முப்பத்தாறு வயதில், கைநிறையக் காய்ப்போடு, நான் பிறந்தேன் என்று வைத்துக்கொள்ளலாம். குயவன் சும்மா இருக்கவில்லை. பிள்ளைக்குப் பல் முளைத்துவிட்டதா, தாடியே முளைத்துவிட்டதே என்றான். அம்மா அழவில்லை. நிமிர்ந்து நின்று ஒவ்வொருவர் முகமாகப் பார்த்தாள், காது மந்தமானவரை மட்டும் கொஞ்சம் அதிகநேரம்.

வெள்ளியை நான் கையோடு கொண்டு வந்திருந்தேன். யெக்கமியா தராசு கொண்டுவரச் சொன்னார். ஊலாம் தன் எடைக்கல் பையை அவிழ்க்கப் போனார். ஊர்க்கல் இருக்கும்போது உன் கல் எதற்கு என்று யெக்கமியா தடுத்தார். வாசல் மாடத்திலிருந்து ஊர்க்கற்களை எடுத்து வைத்தார்கள். நான் துண்டு துண்டாகப் போட்டேன். ஒவ்வொரு துண்டுக்கும் எத்தனை தடவை ஏணியில் இறங்கினேன் என்று எனக்குத் தெரியும். பதினேழு சேக்கல் நிறைந்தது, தராசு முள் நேராக நின்றது.

ஊலாம் கையை நீட்டி மறித்தார். தோற்றுப்போன மனிதர், நாலு பேர் முன்னால் பெரிய கையாகவே எழுந்து போக வேண்டும் அவருக்கு.

“அந்த ஆறு கேராவ விட்டுடுப்பா. நாந்தான் தள்ளிட்டேன்னு வச்சுக்க. ஒரே வம்சம்தானே.”

“வேணாம் பெரியப்பா,” என்றேன். “எங்கப்பா வாங்குன கடன். மகன் இருக்கான், முழுசா குடுப்பான்.”

எங்கப்பா என்று சொன்னபோது நாக்கு தடுக்கவில்லை. அதை நானே கவனித்தேன்.

கல்லை மாற்றினார்கள். கோதுமைமணி போலிருந்த வெள்ளித் துண்டுகளை ஒவ்வொன்றாகப் போட்டேன். முள் அசைந்து, ஆடி, நடுவுக்கு வந்தது. ஊலாம் குனிந்து வலதுகால் செருப்பைக் கழற்றி என் கையில் கொடுத்தார். நிலம் கை மாறினால் அப்படித்தான் செய்வோம். பழைய செருப்பு, கனமாக இருந்தது.

“தீந்துச்சா?” என்று யெக்கமியா கேட்டார்.

“பதினேழு சேக்கல், ஆறு கேரா. தீந்துச்சு,” என்றார் ஊலாம்.

பத்து மூப்பர்களும் சாட்சி என்றார்கள்.